கை எட்டாத முதுகு

காஞ்சிபுரத்துக் காமாட்சி இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறங்களை வளர்த்தாள் என்பது தொண்டை மண்டலத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த அறங்களின் பட்டியலைப் படித்தால், அதை வகுத்தவர்கள் உடம்பின் சின்னச் சின்ன அவதிகளைக்கூடக் கூர்ந்து பார்த்தவர்கள் என்று தெரியும். ஆதுலர்க்குச் சாலை, நோய்க்கு மருந்து, தண்ணீர்ப் பந்தல், தலைக்கு எண்ணெய், நாவிதர், வண்ணார் என்று போகும் வரிசையில் ஆவுரிஞ்சு தறி என்றும் ஒன்று வரும். மாடுகள் உடம்பை உரசித் தினவு தீர்த்துக்கொள்ள நட்டுவைக்கும் கம்பம் அது. கல்லாகவும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் கேணிக்கும் சுமைதாங்கிக்கும் பக்கத்தில் இத்தகைய கற்களை இன்றும் பார்க்கலாம். மாட்டுக்கு வால் இருக்கிறது, நீண்ட நாக்கு இருக்கிறது. இரண்டும் எட்டாத இடமும் இருக்கிறது என்பதை யாரோ கவனித்து, அதைத் தீர்ப்பதும் புண்ணியம் என்று எழுதிவைத்தார்கள்.

மனித முதுகுக்கென்று தனி அறம் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் ஆள் இருந்த காலத்தில் அதற்கு அவசியமும் இருந்திருக்காது. காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேரும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 1068ஆம் ஆண்டை ஒட்டியது. கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதைப் படித்து எபிகிராஃபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கோயிலில் வேதம் படித்த மாணவர்களுக்குச் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் தர ஏற்பாடு செய்ததை அது சொல்கிறது. 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையையும் விவரிக்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை எனும் அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஆட்களின் கணக்கும் அவர்கள் கூலியும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. உடம்பைப் பேண இன்னொருவருடைய கை வேண்டும் என்பது அந்தக் காலத்தின் இயல்பான எண்ணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, தனியாகவோ இருவராகவோ வாழும் முதியவர்கள் இன்று எல்லாத் தெருவிலும் உண்டு. இருவராக வாழ்ந்தாலும், "முதுகு தேய்ச்சு விடு" என்று கேட்டால் தேய்த்துவிட வேண்டியவருக்கும் தோள்பட்டை வலி. ஆள் இருந்த இடத்துக்குத் துண்டும் விசிறிக்காம்பும் அகப்பையும் பிளாஸ்டிக் குழாயும் கதவு நிலையும் வந்து சேர்ந்திருக்கின்றன. வீட்டில் கிடைப்பதை வைத்து அவரவர் செய்துகொண்ட கருவிகள் இவை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உடற்கூறும் கொஞ்சம் இயற்பியலும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் எது உதவும், எது தோலைக் கெடுக்கும் என்று பிரித்தறியலாம்.

தோள் எங்கே மறுக்கிறது

வயதாகும்போது கையின் நீளம் குறைவதில்லை. நாற்பதில் எட்டிய இடம் எழுபதில் எட்டாமல் போவதற்குக் காரணம் தோள் மூட்டின் திருப்பம் குறைவது.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பில் உள்ள ஆழமில்லாத ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. சிறு தட்டின்மேல் எலுமிச்சம்பழத்தை நிறுத்திவைத்த மாதிரியான அமைப்பு. இடுப்பு மூட்டுக்கு இருப்பதைப் போல ஆழமான கிண்ணம் இதற்குக் கிடையாது. அதனால்தான் உடம்பிலேயே அதிகத் திசைகளில் திரும்பும் மூட்டாகத் தோள் இருக்கிறது. குழி தராத பிடிப்பை நான்கு தசைகளின் நாண்களும், மூட்டைச் சுற்றியிருக்கும் உறையும் தருகின்றன. வயதில் நாண்கள் தேய்கின்றன. உறை தடித்து இறுகினால், உருண்டை திரும்ப இடம் இல்லாமல் போகிறது.

கை முதுகுக்குப் போக இரண்டு வழிகள். மேல்வழியில் கையைத் தலைக்கு மேல் தூக்கி, முழங்கையை மடித்து, பிடரிக்குப் பின்னால் இறக்குகிறோம். இதற்கு மேற்கை வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும். கீழ்வழியில் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய், புறங்கை முதுகில் பட மேலே ஏற்றுகிறோம். இதற்கு மேற்கை பின்னால் போகவும் வேண்டும், உட்பக்கமாகச் சுழலவும் வேண்டும். ரவிக்கையைப் பின்னால் கட்டுவது, பின்பையில் பணப்பையை வைப்பது, முதுகு தேய்ப்பது மூன்றும் கீழ்வழி வேலைகள். "கை பின்னாடி போக மாட்டேங்குது" என்று மருத்துவரிடம் வருகிறவர்கள் சொல்வது இதைத்தான்.

இந்த எட்டும் தூரத்தை அளக்க ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட்டா ரிக்லி, ஜெஸ்ஸி ஜோன்ஸ் இருவரும் 1999இல் முதியோர் உடற்தகுதிச் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு கையை மேல்வழியிலும் மற்றதைக் கீழ்வழியிலும் முதுகுக்குக் கொண்டுபோய், இரண்டு நடுவிரல்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளப்பது அதில் ஓர் அங்கம். அவர்கள் அளந்த அமெரிக்கர்களில், 60 முதல் 64 வயது ஆண்களுக்கு இயல்பான எல்லை விரல்கள் தொட்டுக்கொள்வதில் தொடங்கி 6.5 அங்குல இடைவெளி வரை போனது. 80 முதல் 84 வயதில் அது 2 அங்குலம் முதல் 9.5 அங்குலம் வரை ஆனது. பெண்களின் தோள் எல்லா வயதிலும் இதைவிட இளக்கமாகவே இருந்தது. எண்பது வயது ஆணின் முதுகில் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்கு எந்தக் கையும் தொடாத பகுதி இருப்பது இயல்புதான்.

இயல்பை மீறிய இறுக்கமும் உண்டு. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் காட்மன் 1934இல் எழுதிய நூலில் அதை உறைந்த தோள் என்று அழைத்தார். பொதுவாக 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும் இது, சர்க்கரை நோயாளிகளில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொலாஜன் என்ற புரத இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். முதுகு தேய்க்கும் சிக்கல் இந்த நாட்டில் எவ்வளவு பெரியது என்று அந்த எண்ணே சொல்லும்.

"நாள் முழுக்க உழைத்த கை இறுகுமா?" என்று கேட்கலாம். காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்பவரைப் பாருங்கள். நாடா ஓட்டுவதும், ஊடையை இறுக்கி அடிப்பதும், அறுந்த பாவு இழையை முடிவதும் உடம்புக்கு முன்னால் நடக்கும் வேலைகள். கை ஓய்வதே இல்லை, ஆனாலும் ஒருமுறைகூட முதுகுப் பக்கம் போவதில்லை. மூட்டு எவ்வளவு உழைத்தது என்பதைவிட எந்தத் திசையில் உழைத்தது என்பதே அதன் இளக்கத்தைத் தீர்மானிக்கிறது.

தோல் என்ன கேட்கிறது

தோள் மறுக்கும் இடத்தில்தான் தோலுக்குக் கவனிப்பு தேவைப்படுகிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் பகுதிகள் முகம், நெஞ்சின் நடு, முதுகின் மேற்பகுதி. அந்த எண்ணெயில் வாழும் ஈஸ்ட் வகை நுண்ணுயிர் மிகுந்தால் தேமல் படரும். காற்றுப் படாமல் வேர்வை தேங்கினால் வேர்க்குரு. ஆக, முதுகின் மேற்பகுதியைக் கழுவத்தான் வேண்டும்.

எவ்வளவு அழுத்தித் தேய்ப்பது என்பது அடுத்த கேள்வி. மேல்தோலும் உள்தோலும் சேரும் இடம் இளமையில் மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கிறது. வயதில் அந்த மேடுகள் தட்டையாகி, இரண்டு அடுக்குகளும் எளிதில் வழுக்கிப் பிரியும் நிலைக்கு வருகின்றன. நேராக அழுத்தினால் தாங்கும் தோல், பக்கவாட்டில் இழுத்தால் உரிந்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறு உரசலிலும் கன்றிப்போகும்.

சோப்பும் பார்க்க வேண்டிய விஷயம்தான். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் pH அளவு ஏறத்தாழ 5. சாதாரணச் சோப்பு காரம். அதன் pH அளவு 9 முதல் 10. வயதில் எண்ணெய்ச் சுரப்பு குறைந்து தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும்போது, சோப்பு மிச்சமிருந்த எண்ணெயையும் எடுத்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமாக உள்ள ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. நீரில் உள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து கரையாத வெண்படிவாகிறது. வாளி ஓரத்தில் படியும் அதே படிவு, சரியாக அலசப்படாத முதுகிலும் தங்குகிறது. கை எட்டாததால் சோப்பு போடுவதே சிரமம். போட்ட சோப்பை அலசி எடுப்பது அதைவிடச் சிரமம். குளித்த பிறகும் முதுகு அரித்தால் அழுக்கின்மேல் மட்டும் பழி போடக் கூடாது.

அரிப்பு எங்கே?

முதுகு அரிக்கும்போது சரியான இடத்தைச் சுட்டிக்காட்டுவது ஏன் இவ்வளவு கடினம்? "மேலே, இல்லை கொஞ்சம் கீழே, இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். லைப்ஸிக் நகரின் எர்ன்ஸ்ட் வேபர் இதை 1834இலேயே கவைமுள் கொண்டு அளந்தார். இரண்டு முனைகள் தொடுவதை விரல் நுனி 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே பிரித்து உணர்ந்துவிடும். முதுகில் அந்த இடைவெளி ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அங்கே உணர்நரம்பு முனைகள் அத்தனை அரிது. கருவி செய்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கூரான முனை கொண்ட குச்சி முதுகுக்குப் பொருந்தாது. உள்ளங்கை அகலம் உள்ள மிருதுவான பரப்பே அந்தத் தெளிவற்ற வரைபடத்துக்கு ஏற்றது.

நடுத்தர வயதுக்கு மேல் சிலருக்குத் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டி, ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அரிக்கும். முதுகெலும்பிலிருந்து வெளிவரும் நரம்பு வழியில் நெருக்குண்டு அனுப்பும் பொய்ச் செய்தி அது என்பது மருத்துவர்களின் கருத்து. அங்கே தோலில் அழுக்கும் இல்லை, பூச்சியும் இல்லை. தேய்க்கத் தேய்க்க அந்த இடம் கறுக்கும், அரிப்பு நிற்காது. 2014இல் செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இதற்கு ஒரு விளக்கம் கண்டார்கள். சொறிவதால் உண்டாகும் சிறு வலியைத் தணிக்க மூளை செரடோனினைச் சுரக்கிறது. அதுவே அரிப்பைக் கடத்தும் நரம்பு செல்களையும் தூண்டிவிடுகிறது. சொறியும் சுகத்துக்குப் பின்னால் இன்னும் பலத்த அரிப்பு காத்திருக்கிறது.

ஒரு முதிய பிக்குவுக்காக

வயதானவர் முதுகு தேய்த்துக்கொள்ளும் கருவியைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று பௌத்த விநய பிடகத்தின் சுள்ளவக்கத்தில் இருக்கிறது. ராஜகிருகத்தில் பிக்குகள் சிலர் குளிக்கும்போது மரத்திலும் தூணிலும் சுவரிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டார்கள். மல்லர்களைப் போல இதென்ன பழக்கம் என்று ஊரார் குறை சொல்ல, புத்தர் அதைத் தடுத்தார். பிறகு தேய்ப்புப் பலகை, மரத்தால் செய்த கை, மணிகள் கோத்த உரசுச்சரம் என்று ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றும் தடுக்கப்பட்டது. அன்றைய குளியல் கருவிகளின் பட்டியலே இப்படித் தடைகளின் வடிவில் நமக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்துத்தான் விதிவிலக்குகள். மூப்பால் தளர்ந்த பிக்கு ஒருவரால் குளிக்கும்போது தன் உடம்பைத் தானே தேய்த்துக்கொள்ள முடியவில்லை. அவருக்காகத் துணி ஒன்று அனுமதிக்கப்பட்டது. ஒருவர் முதுகை ஒருவர் தேய்க்கப் பிக்குகள் தயங்கியபோது, வெறும் கையால் தேய்த்துவிடுவதும் அனுமதிக்கப்பட்டது. அந்தத் துணி எப்படிப்பட்டது என்பதை விநய உரை விளக்குகிறது: சுருட்டிய துணித்திரி. அந்த உரையை எழுதியவராக மரபு சொல்லும் புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை வேறோர் உரையின் இறுதியில் குறிப்பிட்டிருக்கிறார். துணியை விரித்துப் பிடிக்காமல் ஏன் சுருட்ட வேண்டும்? இயற்பியல் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது.

துண்டு

ஈரிழைத் துண்டின் ஒரு முனையை ஒரு தோளுக்கு மேலேயும் மறுமுனையை எதிர்ப்பக்க இடுப்புக்கு அருகிலும் பிடித்து, முதுகின் குறுக்கே மாறி மாறி இழுப்பது எல்லாருக்கும் தெரிந்த உத்தி. இதில் எந்தக் கையும் முதுகின் நடுவுக்குப் போவதில்லை. இரண்டு கைகளும் உடம்பின் ஓரத்திலேயே நிற்க, துணி மட்டும் உள்ளே போகிறது. தோள் இழந்துவிட்ட உட்சுழற்சிக்குப் பதிலாக, அதனிடம் இன்னும் மிச்சமிருக்கும் தூக்கலும் முழங்கை மடக்கலும் வேலையைச் செய்கின்றன.

வளைந்த பரப்பின்மேல் இழுத்துப் பிடித்த துணி தரும் அழுத்தம், இழுவிசையைப் பரப்பின் வளைவு ஆரத்தாலும் துணியின் அகலத்தாலும் வகுத்தால் கிடைக்கும். ஒரு கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையுடன், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரித்த துண்டை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அதே துண்டை முறுக்கி 2 சென்டிமீட்டர் ஆக்கினால், இழுப்பது அதே விசைதான், அழுத்தம் 5 மடங்கு. மெல்லிய தோல் உள்ளவர் துண்டை விரித்துப் பிடிக்க வேண்டியதன் காரணம் இது.

விரித்த துண்டுக்கு ஒரு குறை உண்டு. முதுகு முழுக்க மேடு இல்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, முதுகெலும்பை ஒட்டி, ஒரு பள்ளம் ஓடுகிறது. இறுக்கிப் பிடித்த துணி இரண்டு மேடுகளையும் தொட்டுக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுந்த அந்த இடம் கழுவப்படாமலே தங்கும். அந்தப் பள்ளத்துக்குள் இறங்கச் சுருட்டிய துணியால்தான் முடியும். வீட்டில் இதற்கு எளிய வழி: பழைய பருத்திப் புடவையில் ஒன்றரை மீட்டர் கிழித்து, நடுவில் மட்டும் இரண்டு மூன்று மடிப்பாகச் சுருட்டித் தைத்துவிடுவது. அந்தச் சுருளுக்குள் சோப்புத் துண்டு ஒன்றை வைத்துத் தைப்பவர்களும் உண்டு. ஓரங்கள் விரிந்து மென்மையாக இருக்கும், நடு மட்டும் பள்ளத்துக்குள் போகும்.

ஒரு தோள் மட்டும் இறுகியிருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் பெயரில் வழங்கும் சமன்பாடு கைகொடுக்கும். வளைவைச் சுற்றிச் செல்லும் கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஒரே விசை தேவையில்லை. உராய்வு கூடக்கூட, சுற்றிய கோணம் கூடக்கூட, அந்த வித்தியாசமும் கூடும். துண்டு முதுகை ஏறத்தாழ 100 டிகிரிக்கு அணைக்கிறது, நனைந்த துணியின் உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், இழுக்கும் கையின் விசை மறுகையின் விசையைப்போல 1.7 மடங்கு இருக்கலாம். நல்ல கை இழுக்கட்டும், நோகும் கை பிடித்துக்கொண்டால் போதும். அதுவும் முடியாதவர் சுவரில் பதித்த உறுதியான கொக்கியில் ஒரு முனையை வளையம் போட்டு மாட்டிவிட்டு, ஒரே கையால் தேய்க்கலாம். பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கும் இது பொருந்தும். குழாய்த் திருகில் மட்டும் கட்டக் கூடாது. அது கையோடு வந்துவிட்டால் ஆளும் கீழே விழுவார்.

கழி

பனையோலை விசிறியின் காம்பு காற்றுக்குப் பாதி, முதுகுக்குப் பாதி என்று பயன்பட்ட பொருள். கொட்டாங்குச்சி அகப்பையின் அடியில் துணி சுற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோகும் பாட்டிகளும் உண்டு. கழி கையை நீட்டித்துத் தருகிறது, ஆனால் அதற்கு விலையாக மணிக்கட்டைக் கேட்கிறது. 40 சென்டிமீட்டர் கழியின் நுனியில் லேசாக அழுத்தினாலும் அந்த விசை நீளத்தால் பெருகி மணிக்கட்டைத் திருக வருகிறது. மூட்டுவாதக் கைக்கு அது தாங்காது.

இரண்டு மாற்றங்கள் சுமையைக் குறைக்கும். முதலாவது, பிடியைத் தடிமனாக்குவது. பழைய துணியோ சைக்கிள் ட்யூபோ சுற்றினால், விரல்கள் முழுதாக மடங்காமலே பிடிக்கலாம். இரண்டாவது, கழியை வளைப்பது. நேரான கழியைத் தோள்மேல் வைத்தால் அதன் நுனி முதுகை விட்டு விலகி நிற்கும். குழாய்க் கடைகளில் கிடைக்கும் அரை அங்குல பிவிசி குழாய் இரண்டு துண்டுகளை 45 டிகிரி பெண்ட் ஒன்றால் இணைத்தால், வளைவு தோளில் உட்கார்ந்து, நுனி முதுகில் படியும். தோளே நெம்பு மையமாகிவிடுவதால், முன்முனையை லேசாக உயர்த்தினாலே பின்முனை அழுத்தும். நுனியில் மடித்த பருத்தித் துணியை நூலால் கட்ட வேண்டும். கம்பியும் ஆணியும் கூடாது. அறுத்த குழாயின் விளிம்பும் வெளியே தெரியக் கூடாது.

சுவர்

ரோமப் பேரரசன் ஹேட்ரியன் பொதுக் குளியல் மண்டபத்துக்குப் போனபோது, தன் படையில் இருந்த முதிய வீரர் ஒருவர் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தானாம். தேய்த்துவிட அடிமை வைத்துக்கொள்ள வசதியில்லை என்றார் அவர். அரசன் அடிமைகளையும் அவர்களுக்கான செலவையும் கொடுத்தான். மறுமுறை அவன் வந்தபோது கிழவர்கள் பலர் வரிசையாகச் சுவரில் உரசிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். ரோம அரசர்களின் வரலாறுகளைத் தொகுத்த பழைய நூல் சொல்லும் கதை இது.

சுவரின் பெருமை, தோள் அசைவே தேவையில்லை என்பது. அசைவு முழுவதும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போய்விடுகிறது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ படிந்த தரையில், கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலை மடக்கி நிமிர்வது விழுவதற்கான எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் செயல். சுவரைப் பயன்படுத்துபவர் அகலமான, வழுக்காத முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, உடலை மட்டும் மெல்ல அசைக்க வேண்டும். சொரசொரப்பான சிமெண்ட் சுவர் தோலைக் கிழிக்கும். மடித்த துண்டை இரண்டு கொக்கிகளில் தொங்கவிட்டால் அதுவே போதுமான தேய்ப்பான்.

நார்

கருவி எதுவானாலும் முதுகில் படுவது அதன் முனையில் இருக்கும் நார். முற்றிக் காய்ந்த நுரைப்பீர்க்கின் கூடு, கொடியிலேயே விளையும் தேய்ப்பான். காயின் நீர்க்குழாய்க் கற்றைகள் பின்னிய வலைதான் அது. ஊறினால் இளகும். ஆனால் அதன் ஆயிரம் இடுக்குகளில் உதிர்ந்த தோல் செல்கள் தங்கும், ஈரமும் தங்கும். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்ட் பாட்டோன் குழுவினர் 1994இல், இத்தகைய நார் தோல் கொப்புளங்களை உண்டாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு உறைவிடமாகலாம் என்று காட்டினார்கள். குளியலறையிலேயே தொங்கவிடாமல் வெயிலில் காயப்போட வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேங்காய் நார் எளிதில் மட்காது. பாத்திரத்துக்கு அது நல்லது, எழுபது வயது முதுகுக்கு நல்லதல்ல.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நைலான் நாரை இன்னும் எச்சரிக்கையாக அணுக வேண்டும். ஜப்பானிய மருத்துவர்கள் 1980களில், நைலான் துண்டாலும் பிரஷ்ஷாலும் ஆண்டுக்கணக்கில் அழுத்தித் தேய்த்தவர்களின் முதுகில் அலையலையாகப் பழுப்பு நிறம் படிவதைப் பதிவு செய்தார்கள். உராய்வால் சிதைந்த மேல்தோல் செல்களின் புரதம் உள்தோலில் அமிலாய்டு என்ற படிவாகத் தங்குவதால் வரும் நிறம் அது. இந்தியத் தோல் மருத்துவர்களுக்கும் பழக்கமான காட்சி. இதில் ஒரு சோகம் உண்டு. அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்து, போகட்டும் என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்ப்பதை நிறுத்தினால்தான் அது மெல்ல வெளுக்கத் தொடங்கும்.

இவற்றோடு ஒப்பிட்டால் நம் ஈரிழைத் துண்டே மேல். மெல்லியது, துவைக்கலாம், நம் வெயிலில் சீக்கிரம் காயும். அதில் நுண்ணுயிர் பெருக நேரம் குறைவு.

எதை எடுப்பது

முதலில் தோளைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு வலியில்லாமல் தூக்க முடிந்தால் துண்டு. ஒரு கை மட்டும் உயர்ந்தால் கொக்கியில் மாட்டிய துண்டு, அல்லது வளைந்த கழி. இரண்டும் உயராவிட்டால் முக்காலியும், கொக்கிகளில் தொங்கும் துண்டும், பிடரியிலிருந்து வழியவிடும் தண்ணீரும். முதிய தோலுக்குத் தினமும் தேய்ப்பே தேவையில்லை. பிடரியில் போட்ட நுரை முதுகு வழியாக வழிந்தோடி, நன்றாக அலசப்பட்டால் பெரும்பாலான நாட்களுக்கு அதுவே போதும். துடைத்த ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் படுவது, கூடுதலாகத் தேய்ப்பதைவிட நன்மை செய்யும்.

உடம்பெல்லாம் அரித்தாலோ, இரவில் அரிப்பு கூடினாலோ, வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றினாலோ எந்தக் கருவியும் தீர்வாகாது. சிரங்கிலிருந்து சிறுநீரகக் கோளாறு வரை பல காரணங்கள் இருக்கலாம், மருத்துவர்தான் பார்க்க வேண்டும். நேற்றுவரை எட்டிய கை சில வாரங்களில் எட்டாமல் போனாலும் அப்படியே.

இனி ஒரு முரண். தோளுக்கு வேலையே வைக்காத கருவிதான் மிக வசதியானது, ஆனால் தோளுக்கு மிகக் கெடுதலும் அதுவே. திருப்பாத திசையில் மூட்டு இன்னும் இறுகும். இயன்முறை மருத்துவர்கள் இறுகிய தோளுக்குச் சொல்லித்தரும் பயிற்சிகளில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேற்கையால் கீழ்க்கையை மெல்ல மேலே இழுப்பது. முதுகு தேய்க்கும் அதே அசைவு. வெந்நீரில் தோள் இளகியிருக்கும் குளியல் நேரம் அதற்கு உகந்த நேரமும்கூட. ஆகவே வலியில்லாமல் பயன்படுத்த முடிந்தவற்றுள் தோளிடம் அதிக வேலை கேட்கும் கருவியை எடுங்கள். துண்டு முடிகிறவரை கழிக்குப் போக வேண்டாம், கழி முடிகிறவரை சுவருக்குப் போக வேண்டாம். தேய்த்து முடித்ததும், நின்றபடி வேண்டாம், உட்கார்ந்தபடியே, கீழ்க்கையை இன்னும் ஒரு விரற்கடை மேலே இழுத்து, மூச்சு விட்டு, இறக்குங்கள்.